பின்வாசல் நோட்டு

காரைக்குடி, செக்காலை
9 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி ஃபெலிக்ஸுக்கு,

மாதா துணை. அக்கா யூஜினியா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரி ஆன் மேரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். அப்பாவைவிட அவருடைய இருமல் நலமாக இருக்கிறது.

அக்கா என்ன போன் செய்யாமல் கடிதம் போடுகிறாள் என்று பார்க்கிறாயா? போனில் பேசினால் நீ 'ம்' போட்டுக்கொண்டே ஆபீஸ் வேலை பார்க்கிறாய். கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. கடிதத்துக்கு 'ம்' போட முடியாது. இனி முக்கியமான விஷயமெல்லாம் இப்படித்தான் வரும். பதிலும் இப்படித்தான் வர வேண்டும்.

விஷயம் இதுதான். அப்பாவின் டீசல் லோடு ஆட்டோவை விற்றுவிட்டேன். மூன்று வருடமாக அதை ஓட்டியவள் நான்தான், அதனால் யாரையும் கேட்கவில்லை. பேட்டரி லோடு ஆட்டோ வாங்கியிருக்கிறேன். போன மாதம் அப்பாவை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனபோது டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா ஒரு நாளைக்கு எத்தனை கட்டு பீடி?" என்று கேட்டார். அப்பா பிறந்ததிலிருந்து பீடியைத் தொட்டதில்லை. முப்பது வருடம் லாரி ஷெட்டுக்கும் ஊருக்கும் நடுவே டீசல் புகையில் நின்றார், அவ்வளவுதான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பொட்டல் ஸ்டாண்டில் ஒரே சிரிப்பு. தலைவர் பாண்டீஸ்வரன் எல்லோரும் கேட்கும்படி, "சின்னராஜ் அண்ணே மக செல்போன் மாதிரி சார்ஜ் போட்டு ஓட்டப் போகுதாம். ஆடி முடிய இந்த வண்டி ஓடுச்சுன்னா நான் மீசைய எடுத்துர்றேன்" என்றார். அதுவரை ஸ்டாண்டில் எனக்கு முறை கிடையாதாம். மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளுகிற சரக்குதான் எனக்கு.

அவர்கள் சிரிப்பதற்கும் காரணம் இருக்கிறது. சரக்கோடு எண்பது கிலோமீட்டர் போனால் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. என் ஒரு நாள் ஓட்டமோ நூற்றுப் பத்து. நேற்று நாலு மணிக்குக் கல்லுக்கட்டிப் பக்கம் வண்டி நின்றுவிட்டது. ஒரு டீசல் வண்டியில் கயிறு கட்டித்தான் இழுத்து வந்தார்கள். நான் தலையைக் குனியவில்லை. இந்த வண்டியோடு அந்த ஸ்டாண்டில் நிற்பேன், இல்லாவிட்டால் தொழிலையே விடுவேன். டீசலுக்குத் திரும்ப மாட்டேன்.

ரூட் போடுவதுதானே உன் உத்தியோகம்? வழி இருந்தால் சொல்.

அன்புடன் அக்கா,
யூஜினியா

*

அம்பத்தூர், சென்னை
21 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஃபெலிக்ஸ் வணக்கத்துடன். நாங்கள் இருவரும் சௌக்கியம். பேனா பிடித்துப் பல வருடம் ஆகிவிட்டது, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. 'ம்' போட்டதற்கு மன்னிப்பு.

நீ செய்தது சரி. எங்கள் பார்சல் கம்பெனியும் ஐந்து வருடத்தில் வண்டிப் புகையைப் பாதியாகக் குறைப்போம் என்று ஊரறியச் சொல்லியிருக்கிறது. எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. வாரத்துக்கு மூன்று கூட்டம் போடுகிறோம், பிஸ்கட்தான் குறைகிறது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் அக்கா. பேட்டரியைப் பெரிதாக்க முடியாது, தூரத்தைச் சிறிதாக்கலாம். உன் நூற்றுப் பத்தில் சரக்குக்காக ஓடியது எவ்வளவு, சும்மா ஓடியது எவ்வளவு என்று ஒரு வாரம் எழுதிப் பார். நின்ற இடம், காத்திருந்த நேரம், சுற்றிய தெரு, ஒன்று விடாமல் எழுது. எழுதியதை எனக்கும் அனுப்பு.

அப்பாவை வெந்நீர் குடிக்கச் சொல்.

உன் தம்பி,
ஃபெலிக்ஸ்

*

காரைக்குடி
16 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் உங்களைக் காப்பாராக. ஆன் மேரிக்குக் கால்வலி தேவலையா? தவக்காலம் என்று அப்பா கறியை விட்டிருக்கிறார், என்னைத் திட்டுவதை விடவில்லை. "சத்தம் வராத வண்டி என்ன வண்டி?" என்று வாசலில் உட்கார்ந்து கேட்கிறார்.

நீ சொன்னபடி இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி எழுதினேன். மூன்றாவது நாளே பிடிபட்டுவிட்டது.

நாங்கள் கடைச்சரக்கு இறக்குகிற நம் ஊர்ப் பெரிய வீடுகள் உனக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். சொந்தக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். கல்யாணம், சாமி கும்பிடுவது என்றால்தான் முன்வாசலைத் திறப்பார்கள். வீட்டில் இருக்கிறவர்கள் பின்கட்டில் குடியிருப்பார்கள். ஆனால் விலாசம் என்று கேட்டால் முன்வாசல் தெருவைத்தான் எழுதுவார்கள். பின்வாசல் தெருவை எழுதினால் கௌரவம் போய்விடும்.

நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கு? பின்வாசல் என்று தெரிந்தே முதலில் முன்வாசலில் போய் நிற்போம். சொல்லாமல் கொல்லைப்பக்கம் போனால் "திருடனாட்டம் வந்து நிக்கிறீக" என்று அந்தக் காலத்தில் ஏச்சு விழும். இப்போது ஏசுவதற்கு ஆள் இல்லை, வழக்கம் மட்டும் போகவில்லை. வண்டியை அணைக்காமல் ஹாரன் அடித்து ஐந்து நிமிடம் நிற்போம். உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். அப்புறம் சுற்றிக்கொண்டு போவோம். வீட்டுக்குள் நடந்தால் நூறு தப்படி, வண்டிக்கு ஒரு கிலோமீட்டர்.

தேக்குக் கதவு வீட்டைப் பார்த்துக்கொள்கிற காளீஸ்வரி என்னிடம், "பத்து வருசமா எல்லாரும் முன்னாடி நின்னு ஹாரன் அடிக்கிறாக. நானும் பத்து வருசமா பின்னாடி வாங்கன்னு கத்துறேன். நீங்களாச்சும் நேரா இங்குட்டு வரக் கூடாதா?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நாற்பத்தொரு வீடு போனால் பதினேழில் இந்தச் சுற்றல். ஸ்டாண்டில் இருபத்திரண்டு வண்டி. செக்குமாடு சுற்றினாலாவது எண்ணெய் வரும். நாங்கள் சுற்றியதில் புகைதான் வந்தது. அந்தப் புகைதான் அப்பாவின் எக்ஸ்ரேயில் இருக்கிறது.

இப்போது வீடு வீடாக எழுதிக்கொண்டு வருகிறேன். ஒரு பக்கத்தின் நகல் வைத்திருக்கிறேன், பார்:

'தேக்குக் கதவு வீடு. பின்வாசல் மட்டும். நாய் குரைக்கும், கடிக்காது. காளீஸ்வரி என்று கூப்பிட்டால் போதும். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அவள் இருக்க மாட்டாள், ஆச்சி தனியாகத் தூங்குவார். ஹாரன் கூடாது. சாவி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சாமானை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வர வேண்டும்.'

நகலில் இருக்கும் கறை டீக்கறை. ஸ்டாண்டு பெஞ்சில் வைத்து எழுதினேன்.

அக்கா,
யூஜினியா

*

அம்பத்தூர்
27 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாம் சௌக்கியம். ஆன் மேரி கால் தேவலை.

உன் ஒரு பக்கத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். இங்கே பெரிய படிப்புப் படித்தவர்கள் இருபது பேர் உட்கார்ந்து தேடுவது இதைத்தான். எங்கள் வரைபடத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளிதான் இருக்கிறது. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எந்தப் படமும் சொல்லாது.

முடிக்க முடிக்க மீதிப் பக்கங்களையும் அனுப்பு. கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்த வாசலுக்குப் பிறகு எந்த வாசல் என்று வரிசை போட்டுத் தருகிறேன். உன் பேட்டரிக்கு அந்த வரிசையே போதும். ஒரு வீட்டையும் விடாதே.

இங்கே எல்லாம் சௌக்கியம்.

ஃபெலிக்ஸ்

*

காரைக்குடி
11 மே 2025

அன்புத் தம்பிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் நிலைக்கட்டும். பாஸ்காத் திருநாளுக்கு நீங்கள் வராதது அப்பாவுக்கு வருத்தம். இந்த மாதம் இருமல் சற்றுக் குறைவு. வெந்நீரால் என்று அவர் சொல்கிறார், நான் மறுக்கவில்லை.

நோட்டு முடிந்துவிட்டது. அறுபத்து நான்கு பக்கம், முழு நகலும் இதனுடன் வருகிறது. முதலில் அனுப்பிய பக்கங்களுக்கு நீ போனில் போட்டு அனுப்பிய வரிசைப்படி ஓட்டினேன். நூற்றுப் பத்து எழுபத்திரண்டாகிவிட்டது! சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பேட்டரியில் இன்னும் ஒரு கோடு நிற்கிறது. அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பசியே எடுப்பதில்லை.

வேடிக்கை கேள். போன வாரம் பாண்டீஸ்வரன் டீ கிளாஸோடு வந்து, யாரிடமோ பேசுகிற மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அந்த ரெட்டைத் தூண் வீட்டுல எந்த வாசல் தொறக்கும்?" என்றார். நோட்டைப் புரட்டிச் சொன்னேன். மறுநாள் நாலு பேர் கேட்டார்கள். இப்போது காலையில் என் வண்டியைச் சுற்றி ஒரு கூட்டம்.

ஒரு தெருவுக்கு ஒரு வண்டி போனால் போதுமே, ஐந்து வண்டி எதற்கு என்றும் கேட்டுப் பார்த்தேன். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கடையின் காலைப் போணிச் சரக்கோடு இன்னொரு கடைச் சரக்கைக் கலக்கக் கூடாதாம். சரி, முதல் நடை அவரவர் போணிக்கு, இரண்டாவது நடையிலிருந்து தெருவுக்கு ஒரு வண்டி என்றேன். முனகிக்கொண்டே செய்கிறார்கள். டீசல் வண்டிகளும் குறைவாகத்தான் புகைகின்றன.

போனில் ஆன் மேரி நீ பெரிய நாற்காலிக்கு மாறிவிட்டாய் என்று சொன்னாள். நீ ஏன் எனக்கு எழுதவில்லை? போன கடிதத்தில் 'எல்லாம் சௌக்கியம்' என்று இரண்டு முறை எழுதியிருந்தாய். நீ சின்ன வயதிலிருந்தே ஒன்றை இரண்டு முறை சொன்னால் அதில் ஒன்று பொய்.

அக்கா,
யூஜினியா

*

காரைக்குடி
20 ஜூலை 2025

ஃபெலிக்ஸுக்கு,

நான் சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய்.

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. ஏன் இல்லை என்று வியாழக்கிழமை தெரிந்துகொண்டேன்.

உன் கம்பெனி நம் ஊருக்கு வந்திருக்கிறது. நாலு பெட்ரோல் வேன். அதில் ஒன்று தேக்குக் கதவு வீட்டுப் பின்வாசலில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் பொன்னழகு, நேமத்தான்பட்டிக்காரர். நாய்க்குப் பயந்து வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, "காளீஸ்வரி! காளீஸ்வரி!" என்று கத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "யக்கா, இந்தக் காளீஸ்வரி யாரு? அரை மணி நேரமாக் கூப்பிடுறேன், ஆளக் காணோம்" என்று போனை நீட்டினார்.

போனில் என் எழுத்து. 'நாய் குரைக்கும், கடிக்காது. காளீஸ்வரி என்று கூப்பிட்டால் போதும்.' ஒரு வார்த்தை மாறவில்லை. அதற்குக் கீழே, 'ஆச்சி தனியாகத் தூங்குவார். சாவி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.'

பத்து வீட்டுப் பெண்கள் என்னை நம்பிச் சாவி இருக்கிற இடத்தைச் சொன்னார்கள். ஒரு வயதான அம்மாள் எப்போது தனியாக இருப்பார் என்று நான் எழுதியது, அவர் தூக்கம் கெடக் கூடாது என்பதற்காக. அதை முகம் தெரியாத எத்தனை போன்களில் ஏற்றி வைத்திருக்கிறாய்? உனக்கு எப்படி மனசு வந்தது?

இன்னொன்றும் தெரிந்துகொள். காளீஸ்வரி மகள் பிரசவத்துக்காக ஜூன் மாதமே ஒக்கூர் போய்விட்டாள். தொட்டிச் சாவியை அப்போதே ஆச்சி எடுத்துக்கொண்டார். பின்கட்டு ஒழுகுகிறது என்று ஆச்சியும் புதிதாக வந்த சாலாவும் முன்கட்டுக்கு மாறிவிட்டார்கள். இப்போது அந்த வீட்டில் திறப்பது முன்வாசல். என் நோட்டில் அடித்துத் திருத்தியிருக்கிறேன். உன் போனில் யார் திருத்துவது?

உடனே எழுது. போன் செய்தால் எடுக்க மாட்டேன்.

யூஜினியா

*

அம்பத்தூர்
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் பத்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

உனக்கு வரிசை போட்டுத் தரத்தான் பக்கங்களைக் கேட்டேன். அது சத்தியம். ஏப்ரலில் ஒரு கூட்டத்தில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்தைக் காட்டினேன். மேலதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். மேயில் முழு நோட்டும் வந்தது. மேலே ஒரு முதல் பக்கம் வைத்து, 'தயாரித்தவர்: ஃபெலிக்ஸ் சின்னராஜ்' என்று போட்டுக் கொடுத்தேன். அப்படித்தான் அந்த நாற்காலி கிடைத்தது. லோடு ஆட்டோ ஓட்டுகிற பெண் டீக்கடை பெஞ்சில் எழுதியது என்று சொல்லியிருந்தால் படித்திருக்கவே மாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சாவி வரிகளை நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

இப்போது காரைக்குடி வண்டிகள் மறுபடி சுற்றுகின்றன. ஏன் என்று கேட்கிறார்கள், எனக்குத்தான் காரணம் தெரியும். திருத்தங்களை மாதம் ஒரு முறை அனுப்புவாயா? மூன்று மாதத்துக்கு மட்டும் போதும். நீ அனுப்பினால் புகை குறையும், எனக்கும் வேலை நிலைக்கும். உனக்கும் அதுதானே வேண்டும்?

ஆன் மேரிக்கு இதெல்லாம் தெரியாது.

ஃபெலிக்ஸ்

*

காரைக்குடி
20 ஆகஸ்ட் 2025

ஃபெலிக்ஸுக்கு,

அப்பா நலம். நீ செய்ததை அவரிடம் சொல்லவில்லை, அந்த நெஞ்சுக்கு இது வேறு வேண்டுமா?

அனுப்ப மாட்டேன். ஒரு வரிகூடத் தர மாட்டேன்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டது, என் வண்டி ஓடுகிறது. திங்கட்கிழமை காலையில் பாண்டீஸ்வரன் சவரக்கத்தி வாங்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார், பேச்சு மாறாத மனுஷர். "மீசைய நீங்களே வச்சுக்கங்கண்ணே, எனக்கு முறையக் குடுங்க" என்றேன். அன்றிலிருந்து பொட்டல் ஸ்டாண்டில் எனக்கு முறை உண்டு. அவருக்காவது மீசைதான். உனக்கு மீசைக்கும் ஆசை, கூழுக்கும் ஆசை.

புகை குறையுமே என்று என்னிடமே சொல்கிறாய். அதை நினைத்து நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான் தராவிட்டால் உன் வேன்கள் நம் தெருக்களில்தான் சுற்றும், அப்பா அதைத்தான் குடிப்பார். தந்தால், ஆறு மாதத்தில் அந்த வேன்கள் எங்கள் இருபத்திரண்டு பேரையும் வழியனுப்பிவிடும். அதற்கப்புறம் காளீஸ்வரி எங்கே போனாள் என்று யாருக்குத் தெரியும்? மறுபடி சுற்றல்தான். நோட்டு என்பது அந்தத் தாள் இல்லை. தினமும் போய்க் கதவைத் தட்டுகிற ஆள்தான் நோட்டு. அது உன் ஆபீஸில் யாருக்கும் விளங்கவில்லை, உனக்கு விளங்கியும் மறைத்துவிட்டாய்.

அதனால் நான் சொல்வதைக் கேள். உன் வேன்கள் பொட்டலோடு நிற்கட்டும். சரக்கை எங்களிடம் இறக்கட்டும். ஊருக்குள் தெருவுக்கு ஒரு வண்டியில் நாங்கள் கொண்டுபோவோம், எப்படியும் அந்தத் தெருவுக்குப் போகிறவர்கள்தானே? சாவி பற்றியும் ஆட்கள் தனியாக இருப்பது பற்றியும் இருக்கிற வரிகளை இன்றே அழி. நோட்டை யார் எழுதினார்கள் என்று உன் மேலதிகாரியிடம் உன் வாயால் சொல். இது வேண்டுகோள் இல்லை. சொல்லும்வரை கடிதம் போடாதே.

யூஜினியா

*

அம்பத்தூர்
10 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சாவி வரிகள், தனியாக இருக்கும் நேரம், எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து அழித்துவிட்டேன். மற்றது என்னால் ஆகாது. அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது?

ஃபெலிக்ஸ்

*

காரைக்குடி
26 அக்டோபர் 2025

ஃபெலிக்ஸுக்கு,

கடிதம் போடாதே என்று நான்தான் சொன்னேன். நானே எழுதுகிறேன் என்பதால் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ அழித்ததற்கு ஒரு நன்றி உண்டு. அப்பா மழைக்கு மறுபடி இருமுகிறார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் உன் வேன்களைப் பார்த்திருக்க வேண்டும். ஒரே வீட்டை நாலாவது முறை சுற்றி வந்த பொன்னழகை நிறுத்தினேன். கண்ணெல்லாம் சிவந்துபோய் இருந்தது. "என்ன ஏசுறீகளோ ஏசிக்கங்க யக்கா. பெட்ரோலு என் கைக்காசு. ஒரு நாளைக்குத் தொண்ணூறு கிலோமீட்டரு இந்த நாலு தெருவுக்குள்ளயே ஓடுறேன்" என்றார்.

ஏசவில்லை. "வண்டியப் பொட்டலுக்கு விடுங்க" என்றேன்.

அங்கே சரக்கை இறக்கினோம். தெருவாரியாகப் பிரித்தோம். இருபது நிமிடத்தில் எங்கள் வண்டிகளில் ஏறிவிட்டது. வீட்டுக்காரர்கள் சொல்கிற ஓ.டி.பி. நம்பரை நாங்கள் போனில் சொன்னோம், அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டார். மிச்சமான பெட்ரோல் காசில் பாதி எங்களுக்கு. மறுநாள் மற்ற மூன்று வேன்களும் பொட்டலுக்கே வந்துவிட்டன, நான் கூப்பிடவில்லை.

பத்து நாளாக இப்படித்தான் நடக்கிறது. உன் வேன் ஒன்றுகூட ஊருக்குள் நுழையவில்லை. எங்கள் வண்டிகளுக்குக் கூடுதல் தூரமும் இல்லை, ஏற்கெனவே போகிற தெருவுக்கு இரண்டு பெட்டி அதிகம், அவ்வளவுதான். தேக்குக் கதவு வீட்டு ஆச்சியே சாலாவிடம், "இப்பல்லாம் ஹாரன் சத்தமே இல்லையே, ஊருல ஆளுக இருக்காகளா?" என்று கேட்டாராம்.

உன் கம்பெனிக்கு இது தெரியாது. இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. போட்டுக்கொடுப்பாயோ, வாயைப் பொத்திக்கொண்டு இதற்கும் நாற்காலி வாங்குவாயோ, உன் இஷ்டம். நான் யாருக்கும் பயந்து ஒளிந்து செய்யவில்லை. நட்ட நடுப் பொட்டலில் செய்கிறேன்.

யூஜினியா

*

அம்பத்தூர்
20 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமில்லை, ஆனால் தூக்கம் வருகிறது. ஆன் மேரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

திங்கட்கிழமை பெரிய கூட்டம் நடந்தது. எல்லா ஊர்களின் கணக்கையும் சுவரில் போட்டார்கள். ஒரு ஊரின் கோடு மட்டும் அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. நாலு வேனும் சேர்ந்து முந்நூற்று அறுபது கிலோமீட்டர் ஓடிய இடத்தில் எண்பது. மேலதிகாரி என் பக்கம் திரும்பி, "ஃபெலிக்ஸின் நோட்டு வேலை செய்கிறது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா, அந்தக் கைத்தட்டல் நிற்கவே இல்லை. எழுந்து நின்றேன். நன்றி சொல்லப் போகிறேன் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். "இது என் நோட்டு இல்லை. காரைக்குடியில் லோடு ஆட்டோ ஓட்டுகிற என் அக்கா யூஜினியா எழுதியது. நீங்கள் பார்க்கிற இந்தக் கோடும் நோட்டால் இறங்கவில்லை. நோட்டு பழசாகிவிட்டது. நம் டிரைவர்கள் சரக்கை அவர்கள் ஸ்டாண்டில் இறக்குகிறார்கள். குற்றம் என்றால் அது டிரைவர்கள் மேல் இல்லை, என் மேல்" என்றேன். மார்ச்சில் நீ அனுப்பிய டீக்கறைப் பக்கத்தை, சாவி வரிகளை மறைத்துவிட்டு, சுவரில் போட்டுக் காட்டினேன்.

நாற்காலி போய்விட்டது, பழைய மேஜைக்கே அனுப்பிவிட்டார்கள். வேலை மிச்சம் இருப்பதே அவர்கள் பெருந்தன்மை. உங்கள் ஸ்டாண்டோடு ஒப்பந்தம் பேச ஆள் அனுப்புகிறார்களாம். ஏமாந்துவிடாதே, நோட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வரலாமா? உன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. வந்தால் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.

உன் தம்பி,
ஃபெலிக்ஸ்

*

காரைக்குடி
7 டிசம்பர் 2025

அன்புத் தம்பி ஃபெலிக்ஸுக்கு,

மாதா துணை. நானும் அப்பாவும் சுகம். ஆன் மேரி உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டாளா? இல்லையென்றால் அவள் பக்கம்தான் நான்.

உன் கம்பெனி ஆட்கள் வந்தார்கள், இரண்டு பேர், இஸ்திரி போட்ட சட்டை. நீ சொன்னபடியே நோட்டை விலைக்குக் கேட்டார்கள். விற்பனைக்கு இல்லை என்றேன். அப்படியானால் பேட்டரி வேன் இறக்குகிறோம், புகையே வராதே என்றார்கள். "பேட்டரி வண்டியானாலும் தெரியாத வாசல்ல சுத்துனா சுத்துறதுதான். என் வண்டி நடுத்தெருவுல நின்னு கயிறு கட்டி இழுத்தத நான் மறக்கல" என்றேன். பாண்டீஸ்வரன் மீசையைத் தடவிக்கொண்டு பின்னால் நின்றார்.

கடைசியில் பொட்டலில் சரக்கை இறக்குவதாக எழுதி ஒரு தாளை நீட்டினார்கள். 'வழி அறிவு: கம்பெனியின் காரைக்குடித் திட்டம்' என்று அதில் ஒரு வரி. அந்த வரியை அடித்தேன். 'யூஜினியா சின்னராஜும் பொட்டல் ஸ்டாண்டு இருபத்தொரு பேரும்' என்று எழுதி, நோட்டை நகல் எடுக்கக் கூடாது என்று கீழே சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்று எடுத்துப் போனார்கள். யோசிக்கட்டும். அவர்கள் யோசிக்கிற இந்த நிமிடமும் அவர்கள் வேன்கள் பொட்டலில்தான் நிற்கின்றன.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குடித்துக்கொண்டிருந்த வெந்நீரைக் கீழே வைத்தார். அப்புறம், "எந்திரிச்சு நின்னு சொன்னானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் காலையில் யாரும் சொல்லாமல் என் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பொட்டல் வரை வந்தார். சத்தம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் வாருங்கள். பின்வாசல் வழியாக வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சின்னராஜ் வீட்டுக்கு எந்தக் காலத்தில் பின்வாசல் இருந்தது? இருப்பது ஒரே வாசல், அதிலும் குனிந்து வந்தால்தான் தலை தப்பும். வந்ததும் திட்டுவேன், நின்று வாங்கிக்கொள்.

உன் பெயர் போட்ட அந்த முதல் பக்கம் இருக்கிறதே, அதை மறக்காமல் கொண்டு வா. பேனா நான் தருகிறேன். வாசலில் நின்று, அப்பா பார்க்க, உன் கையாலேயே உன் பெயரை அடித்து என் பெயரை எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகுதான் இலை போடுவேன்.

அன்புடன் அக்கா,
யூஜினியா